ஏணிக்குக் கீழே ஓர் ஆள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் தம்பிக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் கண் விழிக்கிறேன். போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குக் காகிதத்தைத் தூக்கினாள் என்று உறையைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. பயந்துகொண்டிருப்பவள் நான்தான். இருபத்தெட்டாம் தேதி ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த இயந்திரத்தை மறுபடி குளிரவைக்கப் போகிறேன், இந்தத் தடவை நான் ஒருத்தியே ஏணியில் ஏறி ஹீலியம் ஊற்றிக்கொள்வேன், எனக்குக் கூட யாரும் வேண்டாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே, அன்றிலிருந்து இந்தக் கடிதத்தைத்தான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். கூரியர் கடைப் பெண்ணிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன், இருபத்தைந்துக்குள் கட்டாயம் உன் கையில் கிடைத்துவிடும் என்கிறாள். நாலாவது தடவை போனால் அடிப்பாள் போலிருக்கிறது. கையில் கிடைத்ததும் நின்ற இடத்திலேயே பிரித்துப் படி. பாதியில் உனக்குக் கோபம் வரும், வந்தாலும் கிழித்துப் போடாமல் கடைசிவரை படித்துவிடு.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு எனக்கு எழுத வராது. தம்பி கார் ஓட்டும் பரீட்சையில் மூன்றாம் தடவையும் தோற்றுவிட்டான், பின்பக்கமாக வண்டியை எடுக்கச் சொன்னால் இவனுக்கு இடது எது வலது எது என்றே மறந்துபோகிறதாம், சோதனை செய்ய வந்தவர் இறங்கி நடந்தே போய்விட்டாராம். அப்பாவுக்கு வேலை குறையவில்லை. கடையில் எரிந்துபோன பம்பு மோட்டார்கள் வாசல்வரை கிடக்கின்றன, கம்பியைச் சுற்றிச் சுற்றிக் காயில் கட்டி விரலெல்லாம் செம்புக் கம்பி கீறிய தழும்பு. மோட்டாரைக் கொண்டு வருகிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து உன் ஆராய்ச்சியைப் பற்றி வகுப்பு எடுக்காமல் அனுப்புவதில்லை. என் பொண்ணு செய்யப்போற கம்ப்யூட்டர் சில்லுல கரண்டு ஓடவே ஓடாது, நின்ன இடத்துலேயே வேலை பார்க்கும், போனுக்கு மாசம் ஒரு தடவை சார்ஜ் போட்டாப் போதும் என்கிறார். எப்போ கடைக்கு வரும் என்று கேட்டால் மட்டும் மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்.

போன விடுமுறையில் நீ வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் எங்கள் மூன்று பேரையும் வரிசையாக உட்காரவைத்து விளக்கினாயே, அதைத்தான் அவர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார். இப்போது இருக்கிற சில்லுக்குள் எலக்ட்ரான்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன, ஓடும்போது இடித்துக்கொண்டு சூடாகின்றன, அந்தச் சூட்டில்தான் பாதி மின்சாரம் வீணாகிறது, நான் பார்ப்பதில் யாரும் ஓட வேண்டாம், நின்ற இடத்திலேயே நின்று வாளியைக் கை மாற்றிவிட்டால் போதும், அந்த வாளிதான் ஸ்பின் என்றாய். தம்பி தண்ணீர்ச் செம்பை எனக்குக் கை மாற்றுகிறேன் என்று அப்பா மடியில் கொட்டினான். அப்பா நனைந்த வேட்டியோடு உட்கார்ந்து, நாப்பது வருஷமா நான் சூட்டோட மல்லுக்கட்றேன், நீயாவது அதை ஒழிச்சுக் கட்டும்மா என்று உன் தலையில் கை வைத்தார். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஸ்கேன் சென்டரில் இருபத்தாறு வருடமாக நானும் ஸ்பின்னோடுதானே குப்பை கொட்டுகிறேன், ஆட்களைக் காந்தத்துக்குள் படுக்கவைத்து அவர்கள் உடம்பில் இருக்கும் தண்ணீரில் உள்ள புரோட்டானின் ஸ்பின்னை ஒரு பக்கமாகத் திருப்பி, அது திரும்பி வரும்போது படம் பிடிக்கிற வேலை. அம்மா புரோட்டான், பொண்ணு எலக்ட்ரான் என்று டாக்டர்கூடக் கேலி செய்வார். ஆனால் பாப்பா, நம் இரண்டு பேருக்கும் பொதுவான சாமான் இன்னொன்று இருக்கிறது. உன் இயந்திரத்துக்கும் என் இயந்திரத்துக்கும் குளிரவைக்க ஹீலியம் வேண்டும். அது என்ன செய்யும் என்று உன் புத்தகத்தில் எழுதியிருக்கும். எனக்கு அது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை.

இனிமேல் சுற்றி வளைக்க மாட்டேன். உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தைப் பற்றி, பெயர் போடாமல், பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுதினது நான்தான். உன்கூட வேலை பார்க்கிறவனுக்கு நீ பெயர் வைத்தாயே, அந்த ஒட்டடைக்குச்சி இல்லை. அந்தப் பையனுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

எழுதிவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஸ்கேன் இயந்திரத்தை இயக்கும் கன்சோல் அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், உள்ளே ஒருவர் முழங்கால் ஸ்கேனுக்குப் படுத்திருக்கிறார், இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது.

ஏன் செய்தாய் என்றுதானே கேட்பாய். வருடப் பிறப்புக்கு முன்னால் ஒரு ஞாயிறு போனில் பேசும்போது, ஹீலியம் கசிந்து காற்று குறைந்தால் கத்த வேண்டிய ஆக்சிஜன் மீட்டர் உங்கள் அறையில் சும்மா சும்மா கத்துகிறது, அளவெடுக்கும்போது எரிச்சலாக இருக்கிறது என்றாய். அடுத்த வாரம், அதுக்கு வாயை ஒட்டிட்டேன்மா, கறுப்பு டேப்பை நாலா மடிச்சு ஒட்டினேன், இப்போ கொசு மாதிரிதான் முனகுது என்று சிரித்தாய். அப்பாவும் சிரித்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். திரும்பி வந்து டேப்பை எடுத்துவிடு என்றேன். அது சென்சார் பழசும்மா, பொய்யாக் கத்துது, புதுசுக்கு எழுதிப் போட்டிருக்கோம் என்றாய். அடுத்த ஞாயிறும் சொன்னேன், அதற்கடுத்த ஞாயிறும் சொன்னேன். அம்மா, இது உங்க ஸ்கேன் சென்டர் இல்ல, இங்க எல்லாம் வேற மாதிரி என்று கொஞ்சம் குரலை உயர்த்தினாய். எப்படி வேறு மாதிரி என்று கேட்டேன், நீ பேச்சை மாற்றினாய். அளவெடுப்பது பதினோரு வாரம் நிற்காமல் ஓட வேண்டும், வெளிநாட்டில் இன்னொரு கூட்டமும் இதையே செய்கிறார்கள், அவர்கள் முந்திக்கொண்டால் மூன்று வருட உழைப்பும் போச்சு என்று நீ சொன்னது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

உங்கள் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பாதுகாப்புக்கென்று ஒரு படிவம் இருந்தது. பெயர் என்கிற கட்டத்துக்குக் கீழே விருப்பமிருந்தால் எழுதலாம் என்று போட்டிருந்தார்கள். அதைக் காலியாக விட்டேன். அகராதியை வைத்துக்கொண்டு ஆறு வரி எழுதினேன், அறையின் எண், மீட்டர் எந்தச் சுவரில் இருக்கிறது, டேப்பின் நிறம் எல்லாம் எழுதினேன். இவ்வளவும் நீ என்னிடம் ஆசையாகச் சொன்ன விஷயங்கள். அனுப்பிவிட்டேன். வந்து டேப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திட்டிவிட்டுப் போவார்கள் என்றுதான் நினைத்தேன். அறையையே பூட்டுவார்கள், குளிர்ந்து கிடந்த இயந்திரத்தைச் சூடேறவிடுவார்கள், ஒன்பதாவது வாரத்தில் உன் அளவெல்லாம் பாழாகும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டாயா என்று கேட்காதே. செய்திருப்பேன். அதையும் மறைக்க மாட்டேன்.

அன்றைக்கு நீ போனில் அழுதாய், யாரோ முதுகில் குத்திட்டாங்கம்மா என்றாய். அப்பா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பெரிய சத்தத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பாவி செஞ்சானோ, எழுதின கையை ஒடிக்கணும் என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் தினமும் சாப்பிடும்போது அதையே சொன்னார். நான் அந்தக் கையால்தான் அவருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன். அப்புறம் அதிகாரிகள் சோதித்ததில் எந்தக் கசிவும் இல்லை, மீட்டர்தான் பழசு என்று தெரிந்தது. நீ சொன்னது சரி, அது பொய்யாகத்தான் கத்தியிருக்கிறது. ஒன்பது வார உழைப்பை நான் ஒன்றும் இல்லாததற்காகக் கெடுத்திருக்கிறேன். உன்னிடம் இதற்கு மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை பாப்பா.

ஆனால் அதற்கடுத்த ஞாயிறு நீ ஒன்று சொன்னாய், அதிலிருந்துதான் எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. புகார் கொடுத்தது ஒட்டடைக்குச்சிதான், அவன்தான் ஆரம்பத்திலிருந்து டேப் ஒட்டாதே, புது சென்சார் வரட்டும் என்று முனகிக்கொண்டிருந்தான், வேறு யாருக்குத் தெரியும் என்றாய். அவன் இல்லை என்று சொல்லியும் நீ நம்பவில்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவனைக் கோள்மூட்டி என்று சொல்லிவிட்டேன், இனி அவனோடு பேச்சு கிடையாது, ஹீலியம் ஊற்றுவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பேராசிரியரம்மாவிடமும் சொல்லிவிட்டேன் என்றாய். எனக்கு அந்தப் பையனை நேரில் தெரியாது. ஆனால் நீ சொல்லிச் சொல்லி அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். நீ ஏணியில் ஏறி உச்சியில் குழாயைச் சொருகும்போது அவன் ஏணியின் கடைசிப் படியில் ஒரு காலை வைத்து மிதித்துக்கொண்டு, கையில் இன்னொரு சின்ன மீட்டரை வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை ஆக்சிஜன் அளவை இருபது புள்ளி ஒன்பது, இருபது புள்ளி ஒன்பது என்று பஸ் கண்டக்டர் மாதிரி கத்துவான், காது வலிக்கிறது என்று எவ்வளவு சிரித்திருக்கிறாய். நீ சிரித்தபோதெல்லாம் நான் இங்கே நிம்மதியாகத் தூங்கினேன். அவன் கத்துகிறவரைக்கும் டேப்பைப் பற்றிக்கூட எனக்குப் பாதிப் பயம்தான். உன்னைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று கிளம்பி, உனக்குக் கீழே நின்றுகொண்டிருந்த ஒரே ஆளையும் நானே பிடுங்கி எறிந்துவிட்டேன்.

இதைப் போனில் சொல்ல மூன்று ஞாயிறு வாயைத் திறந்தேன். முதல் ஞாயிறு அப்பா பக்கத்தில் இருந்தார். இரண்டாம் ஞாயிறு அவர் கடைக்குப் போயிருந்தார், தைரியம் வரவில்லை, தம்பியின் லைசென்ஸ் கதையைச் சொல்லி வைத்துவிட்டேன். மூன்றாம் ஞாயிறு நீ அவசரத்தில் இருந்தாய். நான் கோழை என்று உனக்குத் தெரியாது. உங்கள் அம்மா எதற்கும் அசராதவள் என்று நீயும் தம்பியும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முழங்கால்காரர் போய்விட்டார், இப்போது ஒரு சின்னப் பெண் பயந்து அழுதுகொண்டு உள்ளே படுத்திருக்கிறாள், அவளோடு மைக்கில் பேசிக்கொண்டே எழுதுகிறேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு இங்கேதான் வருவாய், இதே மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவாய். மாப்பு அக்கா உனக்கு ஞாபகம் இருக்கும். தரை துடைக்க வருவாளே, நீ வைத்த பெயர்தான். பெரிய காந்தம் இருக்கும் அறைக்குள் இரும்பு போகக்கூடாது என்று பிளாஸ்டிக் பிடி போட்ட மாப்பும் பிளாஸ்டிக் ஸ்டூலும் அவளுக்கென்று தனியாக வாங்கிக் கொடுத்திருந்தோம். உன் கணக்கு நோட்டில் பூ வரைந்து கொடுப்பாள், கணக்கு வாத்தியார் அதற்கு உன்னைத் திட்டினார். ஒரு நாள் திடீரென்று அவள் வரவில்லை. எங்கே என்று கேட்டாய். மகள் வீட்டோடு போய்விட்டாள் என்றேன். அது பொய்.

அந்த வருடம் எங்கள் ஆக்சிஜன் மீட்டரும் இப்படித்தான் கத்தியது. மழைக்காலம் வந்ததும் ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. ஆள் உள்ளே படுத்திருக்கும்போது கத்தினால் எழுந்து ஓடி வருவார்கள், படம் கெட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும், மேனேஜர் என்னைக் கரித்துக்கொட்டுவார். நான் டிரெஸ்ஸிங் டிராயரிலிருந்து வெள்ளை பிளாஸ்திரியை எடுத்து அதன் சத்தம் வரும் ஓட்டைமேல் இரண்டு சுற்று ஒட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தது. எனக்கும் நிம்மதி, மேனேஜருக்கும் நிம்மதி. அப்புறம் ஹீலியம் நிரப்புகிற ஆள் கம்பெனியிலிருந்து வந்தார். காலையிலிருந்து ஊற்றிவிட்டு மத்தியானம் சாப்பிடப் போனார். வெளியேறும் வாயு மொட்டை மாடிக்குப் போக வேண்டிய குழாயில் ஒரு இணைப்பு நழுவியிருந்தது. ஹீலியத்துக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, மேலேதான் போய் நிற்கும். கூரைக்குக் கீழே அது நிரம்பிக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஆள் இல்லாத நேரம்தானே, ஏசி காற்று வரும் ஜாலியில் தூசியைத் துடைத்துவிடுகிறேன் என்று மாப்பு அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறினாள். தலை கூரைக்குப் பக்கத்தில் போனது. மூச்சு முட்டியிருக்காது. மூச்சு முட்டினால் மனுஷன் இறங்கி ஓடிவிடுவான். ஹீலியத்தில் மூச்சு சுகமாகத்தான் போய் வரும், காற்று மட்டும் இருக்காது, இரண்டு மூச்சில் விளக்கை அணைத்த மாதிரி ஆகிவிடும். நான் இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் பாப்பா. கையில் துணியோடு அப்படியே சரிந்தாள், கையை ஊன்றக்கூட இல்லை.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போய்க் காலைப் பிடித்து இழுத்து வந்தேன். கீழே விழுந்ததால் காற்று கிடைத்துப் பிழைத்தாள். தலையில் இடது பக்கம் அடி. வலது கை விரல்கள் அதோடு மடங்கவில்லை, மாப்பைப் பிழிய முடியவில்லை, வேலை போய்விட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா, மீட்டரில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்துச் சுருட்டி என் கோட்டுப் பையில் போட்டேன். ஹீலியம்காரர் ஓடிவந்து இணைப்பை மாட்டினார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அதற்குமேல் பேசவில்லை. ஸ்டூல் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அந்த வாரம் எனக்குக் காய்ச்சல் என்று அப்பா கடைக்கு லீவு விட்டுப் பார்த்துக்கொண்டார், உனக்கு நினைவிருக்கும், நீதான் பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாய்.

அந்த மீட்டரும் ஒரு மாதம் பொய்யாகத்தான் கத்தியது. நூறு தடவை பொய். அன்றைக்கு ஒரு தடவைதான் நிஜம்.

இப்போது உனக்குத் தெரிந்திருக்கும், நீ டேப்பை நாலாக மடித்தேன் என்று சிரித்தபோது நான் ஏன் வாசலுக்குப் போனேன் என்று. உன் ஏணி மாப்பு அக்காவின் ஸ்டூலைவிட உயரம். உன் அறைக்கு ஜன்னல் கிடையாது என்று நீயே சொன்னாய். அந்தக் குழாயைச் சொருகுகிற இடத்தில் உன் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கிறது என்றும் சொன்னாய். கண்ணை மூடினால் நீ கையில் துணியோடு சரிகிறாய். எழுந்து தண்ணீர் குடித்தாலும் அதுதான், காய் நறுக்கினாலும் அதுதான், இங்கே உள்ளே ஒரு ஆள் அசையாமல் படுத்திருந்தால் அது நீயாகத் தெரிகிறது. நேற்று ஒருவரை, மூச்சு விடுறீங்களா, மூச்சு விடுறீங்களா என்று மைக்கில் மூன்று தடவை கேட்டதில், அவர் வெளியே வந்து டாக்டரிடம், அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனார்.

போன சனிக்கிழமை பஸ் ஏறி மாப்பு அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். இதற்கு முன் போனதே இல்லை, பயம். இரண்டு மாடி ஏறி மூன்றாவது கதவு. அவளுடைய மகளும் மருமகனும் இருந்தார்கள். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டாள், டெக்னீசியனம்மா வந்திருக்காங்க என்று மகளிடம் பெருமையாகச் சொன்னாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், பிளாஸ்திரியிலிருந்து ரிப்போர்ட் வரைக்கும். கத்துவாள், துரத்துவாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள், அப்போ நான் ஸ்டூலை ஒழுங்காத்தான் போட்டிருந்தேனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஸ்டூலு ஆடலையே என்றாள். ஆடவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். மருமகன் பக்கம் திரும்பி, கேட்டீங்களா, நான் ஒழுங்காத்தான் போட்டிருந்தேன் என்றாள். பதின்மூன்று வருடமாக அந்த வீட்டில் எது கை தவறி உடைந்தாலும், ஸ்டூலையே நேரா வைக்கத் தெரியாதவங்க என்று சொல்லிச் சிரிப்பார்களாம். அவளும் கூடச் சிரிப்பாளாம், தன்மேல்தான் தப்பு என்று நம்பிக்கொண்டு. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. போகும்போது வாங்க என்றும் சொல்லவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு ஊனத்தைக் கொடுத்தது போதாது என்று அதற்குக் காரணம் அவளேதான் என்றும் நம்பவைத்து விட்டிருக்கிறேன். இப்போது அங்கே ஒரு பையன் நான் செய்த காரியத்தைத் தலையில் சுமந்துகொண்டு, எல்லாரும் கோள்மூட்டி என்று பார்க்கிற இடத்தில் தினமும் வேலைக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறான். அவன் அம்மா எங்கே இருக்கிறாளோ, அவளிடம் போனில் என்ன சொல்கிறானோ.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கடையில் வைத்துச் சொன்னேன், வீட்டில் சொல்லத் தைரியம் இல்லை. காயில் கட்டிக்கொண்டிருந்தார், சுற்று எண்ணிக்கை தப்பிவிடும் என்று நிறுத்தாமல் கடைசி வரை கட்டி முடித்தார், பிறகு கம்பியை வெட்டிவிட்டு என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒடிக்க வேண்டும் என்று சொன்ன கை. பயத்தில் நான் அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, பாப்பா எப்போ ஏணி ஏறுது என்று மட்டும் கேட்டார். இருபத்தெட்டு என்றேன். அப்போ நாளைக்கே எழுது, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். இப்போது ஸ்கேன் சென்டர் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருக்கிறார், ஜன்னல் வழியாகத் தெரிகிறது, இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டார்.

அதனால் சீக்கிரம் முடிக்கிறேன். இதே கூரியரில் இன்னும் இரண்டு கடிதம் போகிறது. ஒன்று அந்தப் பையனுக்கு, உங்கள் ஆராய்ச்சிக்கூட முகவரிக்கு, அகராதியைப் பார்த்து ஐந்து வரி, தப்பு இருந்தால் சிரிக்கட்டும். நான் செய்ததற்கு உன்மேல் பழி வந்தது, மன்னித்துக்கொள், என் மகள்மேல் கோபம் வைக்காதே என்று எழுதியிருக்கிறேன். மற்றொன்று பாதுகாப்பு அலுவலகத்துக்கு, படிவத்தில் காலியாக விட்ட என் பெயரை எழுதி. மூன்றும் ஒரே நாளில்தான் வரும். அவன் தன் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்கு முன் நீ எழுந்து அவன் மேசைக்குப் போய்விடு. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொள். டேப்பை ஒட்டினது யார் என்று இதுவரை நீ அதிகாரிகள் யாரிடமும் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதையும் நீயே போய்ச் சொல். நான் பதின்மூன்று வருடம் சொல்லாமல் இருந்து பார்த்துவிட்டேன், அது நாளாக நாளாகக் குறைவதில்லை. அந்தப் பையன் உன்னை மன்னிக்காமல் போனாலும் சரி, கெஞ்சியாவது கூப்பிடு. அவன் வர மாட்டேன் என்றால் வேறு யாரையாவது கூப்பிடு. யாரும் இல்லை என்றால் அன்றைக்கு ஏறாதே, இன்னும் ஒரு வாரம் தாமதமாகட்டும், அந்த வெளிநாட்டுக் கூட்டமே முந்திக்கொள்ளட்டும்.

புது மீட்டர் மாட்டியதும் அதன்மேல் மாட்டின தேதியை மார்க்கரால் எழுதி ஒட்டு, இரண்டு வருடத்தில் மாற்றிவிட வேண்டும். தலை சுற்றுகிற மாதிரி லேசாகத் தோன்றினாலும் நிற்காதே, குனிந்து தவழ்ந்து வெளியே வா. நேரத்துக்குச் சாப்பிடு.

இனி ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் பேச மாட்டாய். பேசாமல் இரு, ஒரு வருடமோ பத்து வருடமோ உன் இஷ்டம், நான் கேட்க மாட்டேன். அப்பாவிடம் பேசு, நான் அடுப்படியில் நின்று உன் குரலைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு மகள் பேசவில்லை என்கிற துக்கம் இருக்கட்டும், அதைத் தாங்கிக்கொள்வேன். இன்னொன்றைத் தாங்க மாட்டேன். நீ எடுத்த காரியம் முடிந்து, தீர்க்காயுசோடு, நாலு பேர் துணையோடு நன்றாக இரு தாயே. இருபத்தெட்டாம் தேதி ஏணியில் ஏறி இறங்கியதும், எனக்கு வேண்டாம், அப்பாவின் போனுக்கு இறங்கிவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பு.

இப்படிக்கு,
அந்தப் புகாரை எழுதிய
உன் அம்மா